தராசுத் தண்ணீர்

போன மாதம் எங்கள் பழைய ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலிருந்து இரண்டு இளம் அலுவலர்கள் வீடு தேடி வந்தார்கள். கூடத்தில் ஏலம் இப்போது செல்பேசியிலேயே நடக்கிறதாம். கள்ளக்குறிச்சியில் கொட்டி வைத்திருக்கும் மக்காச்சோளத்துக்கு ஈரோட்டில் உட்கார்ந்திருப்பவர் ஒரு விலை போடுகிறார். விழுப்புரத்துக்காரர் அதற்கு மேலே போடுகிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வைத்திருக்கிறோம், நீங்கள் வந்து பத்து நிமிடம் உங்கள் அனுபவத்தைப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர், "அந்தக் காலத்துல வெளியூரு விலையெல்லாம் எப்படி சார் தெரிஞ்சிக்கினீங்க?" என்றார்.

"சாக்பீஸ்லதான்" என்றேன். இருவரும் சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

பழைய காலம்தான் பொற்காலம் என்று புலம்புகிற ஆள் நான் இல்லை. செல்பேசி ஏலம் வந்தது நல்லது. எங்கள் காலத்திலேயே வந்திருக்க வேண்டியது. ஆனால் ஓர் ஊர் விலையும் இன்னோர் ஊர் விலையும் கை கோத்துக்கொள்வதற்கு எங்களைப் போன்றவர்கள் பட்ட பாட்டில் ஒரு சம்பவம் உண்டு. அதைப் பத்து நிமிடத்தில் சொன்னால் பாதிதான் தேறும். பயிற்சியில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அதில் என் முட்டாள்தனமும் இருக்கிறது. ஓய்வு பெற்றவனுக்கு அதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

எனக்குச் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. பள்ளிப் படிப்பு முடிந்து, தட்டச்சுத் தேர்வு எழுதி, கள்ளக்குறிச்சி விற்பனைக் கூடத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் சீட்டு எழுதினேன், சாக்கு எண்ணினேன், எள்ளில் கலந்த மண்ணைச் சலித்து எடை பார்த்தேன். அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. மூன்றாம் வருடம் தனகோட்டி சார் கண்காணிப்பாளராக வந்தார். என் உத்தியோகம் அன்றுதான் ஆரம்பித்தது என்று சொல்லலாம்.

சார் ஒல்லியான மனிதர். குரலை உயர்த்த மாட்டார். எதையும் வாயில் வைத்துக் கடித்துப் பார்த்துவிடுவார். நெல் வந்தால் நாலு மணியைக் கடிப்பார்; சத்தத்தை வைத்தே ஈரம் சொல்வார். மணிலாக்கொட்டை என்கிற நிலக்கடலை, எள், உளுந்து, மக்காச்சோளம் எதுவும் அவர் பல்லுக்குத் தப்பாது. மூட்டை தூக்குகிறவர்கள் அவருக்கு 'கடிச்சான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். "பருத்தி மூட்டையை மட்டும் என்கிட்டே காட்டாதீங்கடா, பல்லுல மாட்டிக்கும்" என்பார்.

எங்கள் கூடத்தில் மறைமுக ஏலம். விவசாயி கொண்டுவந்ததைக் குவியலாகக் கொட்டி, ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண் கொடுப்போம். வியாபாரிகள் சுற்றி வந்து கையில் அள்ளிப் பார்ப்பார்கள். எந்தக் குவியலுக்கு எவ்வளவு என்று துண்டுச் சீட்டில் எழுதி, பூட்டிய பெட்டிக்குள் போடுவார்கள். பகல் ஒரு மணிக்குப் பெட்டியைத் திறந்து, அதிக விலையைச் சத்தமாக வாசிப்போம். பிடித்தால் விவசாயி தலையாட்டுவார். பிடிக்காவிட்டால் அள்ளிக்கொண்டு போகலாம்.

இதில் தனகோட்டி சார் ஒரு வழக்கத்தைச் சேர்த்தார். காலையில் பெட்டியைப் பூட்டுவதற்கு முன்னால் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டி, எல்லாருக்கும் காட்டச் சொல்வார். "உள்ளே ஒண்ணும் இல்லேன்னு நமக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணுமில்ல?" என்பார். நான் ஆறு வருடம் தினமும் அந்தப் பெட்டியைக் கவிழ்த்தேன்.

இன்னொன்று, அவர் கேட்கும் கேள்வி. எந்தத் தகவலைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதலில், "பார்த்தியா, கேட்டியா?" என்பார். பார்த்தேன் என்றால் கையெழுத்துப் போடுவார். கேட்டேன் என்றால் காகிதம் என் கைக்கே திரும்பி வரும்.

அப்போது கள்ளக்குறிச்சி தென்னார்க்காடு மாவட்டம். மேற்கே சின்னசேலம் தாண்டினால் சேலம் மாவட்டத்து ஆத்தூர். பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம். வடக்கே கல்வராயன் மலை. இந்த மூன்றும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிற ஊர்கள்தாம். ஆனால் சந்தை என்று வந்துவிட்டால் மூன்று தனித் தேசங்கள். நெல்லை ஒரு மாவட்டத்திலிருந்து பக்கத்து மாவட்டத்துக்குக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும் என்றிருந்த காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். மலைமேல் தானியத்தை வள்ளத்தால் அளந்தார்கள். கீழே மரக்காலால் அளந்தார்கள். எங்கள் கூடத்தில் கிலோ. ஒரே பொருளுக்கு ஆத்தூரில் ஒரு விலை, இங்கே ஒரு விலை, மலையில் கேட்கவே வேண்டாம்.

தனகோட்டி சார் வந்த இரண்டாம் மாதமே கூடத்து வாசலில் ஒரு கரும்பலகை ஏறியது. அதில் மூன்று கட்டம்: நம் விலை, ஆத்தூர் விலை, விழுப்புரம் விலை. காலையில் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பேன். லைன் கிடைத்ததும், அந்தப் பக்கத்துக் கூடத்தில் இருக்கும் எழுத்தர் இரைச்சலுக்கு நடுவே கத்துவார், நானும் கத்தி உறுதி செய்துகொண்டு எழுதுவேன். எங்கள் வியாபாரிகளுக்கு வயிற்றெரிச்சல். "ஆத்தூரு விலையை இங்க எதுக்கு சார் எழுதறீங்க? எங்க பொழப்புல மண்ணு வுழுது" என்று சண்டைக்கு வந்தார்கள். சார், "நாங்க எங்க எழுதறோம்? அவங்க எழுதினாங்க, நாங்க காப்பி அடிக்கறோம்" என்று சொல்லிவிட்டு உளுந்தைக் கடிக்கப் போய்விட்டார்.

மலைக்குப் பஸ் ஏற ஆரம்பித்த புதிது. வாரம் ஒருநாள் வெள்ளிமலையில் சந்தை கூடும். அந்தப் பலகையை அங்கேயும் காட்ட வேண்டும் என்று சாருக்கு ஆசை. சுருட்டி எடுத்துப்போகிற கருப்புத் துணிப் பலகை ஒன்று வாங்கிக் கொடுத்தார். சந்தை நாளில் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் மலையேறுவேன். ஒரு புளியமரத்தில் மாட்டி, எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சத்தமாகவும் சொல்வேன். மலையில் என் பெயர் ஏழுமலை என்று யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் நான் 'போர்டு சாரு'.

மலையில் முக்கிய வெள்ளாமை மரவள்ளிக் கிழங்கு. அது எங்கள் கூடத்து ஏலத்துக்கு வராது. பிடுங்கி இரண்டு நாளில் கறுத்துவிடும். நேராக ஜவ்வரிசி ஆலைக்குப் போக வேண்டிய சரக்கு. ஆலைகள் ஆத்தூர்ப் பக்கம். மலைக்காரர்களோ அடிவாரத்து மண்டிக்காரர் ஒருவரிடம்தான் காலங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். அவர் ஒரு கிழங்கை உடைத்துப் பார்ப்பார், ஒரு விலை சொல்வார், மூட்டைக்கு இவ்வளவு மண் கழிவு என்பார். அதுதான் விலை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மலையில் யாருக்காவது பிரசவ வலி என்றால் அவர் லாரிதான் வரும். ஆனால் ஆத்தூரில் கிழங்கு என்ன விலை போகிறது என்று அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

நான் அதைப் பலகையில் எழுதினேன். அடிவார விலைக்கும் ஆத்தூர் விலைக்கும் நடுவே லாரி வாடகையைக் கழித்தாலும் மூட்டைக்குப் பாதி விலை மிஞ்சியது. சந்தையே புளியமரத்தடிக்கு வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கூட்டத்தில் சின்னப்பொண்ணு என்று ஒரு அம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும், கையெல்லாம் கிழங்கு பிடுங்கிய காய்ப்பு. பக்கத்தில் புருஷன் சடையன், அதிகம் பேசாதவர். அந்த அம்மாதான் கேட்டது.

"இந்த வெலைய ஆரு சாரு சொன்னாங்க?"

"போன்ல சொன்னாங்கம்மா."

"நீங்க போயி பாத்தீங்களா?"

"போன் இருக்கறதே போவாம இருக்கத்தாம்மா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தனகோட்டி சார் தினமும் கேட்கிற அதே கேள்வி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் சடையன் தன் ஊர்ச் சபையில் எழுந்து பேசினார். வாழ்நாளில் முதல் முறையாகப் பேசியிருப்பார் போல. போர்டு சார் எழுதியிருக்கிறார், அரசாங்கத்து எழுத்து, நாம் ஆத்தூருக்கே போவோம் என்றார். ஆறு குடும்பம் சேர்ந்து லாரி பிடித்தார்கள். அடிவாரத்து மண்டிக்காரர் காதுக்கு எட்டாமல் இருக்குமா? "ஒரு லாரி ஆத்தூரு போச்சின்னா, அந்த ஊரு கெழங்கே எனக்கு வேணாம்" என்று சொல்லி அனுப்பினார். அதையும் மீறித்தான் போனார்கள்.

மூன்றாம் நாள் காலை கூடத்தைத் திறக்கும்போது சடையனும் சின்னப்பொண்ணுவும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தலை நிமிரவில்லை. அந்த அம்மாதான் பேசியது.

"இன்னா சாரு, நீங்க போர்டுல எழுதனது ஒண்ணு, அங்க குடுத்தது ஒண்ணு. லாரி வாடகை போவ அடிவாரத்து வெலைகூட நிக்கல. கெழங்குல பாயிண்டு இல்லேன்னுட்டாங்க. பாயிண்டுன்னா இன்னா?"

பாயிண்ட் என்றால் கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் கணக்கு. ஆலையில் மூட்டைக்கு விலை கிடையாது, பாயிண்டுக்குத்தான் விலை. நல்ல கிழங்கு இருபத்தேழு, இருபத்தெட்டு காட்டும். இவர்களுடையது பத்தொன்பதுதான் காட்டியிருக்கிறது. பலகையில் எழுதிய விலை இருபத்தெட்டுப் பாயிண்டுக்கு உரியது என்பதே எனக்கு அன்றுதான் புரிந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? மழை பெய்தால் பாயிண்ட் இறங்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன். மலையில் போன வாரம் ஒரு மழை பெய்திருந்தது.

"மழை பெஞ்சிடுச்சில்ல, மாவு எறங்கிடும். மிஷின் பொய் சொல்லாதும்மா" என்றேன்.

சடையன் அப்போதுதான் நிமிர்ந்தார். "ஒரு மழைக்கு அம்புட்டு எறங்காதுங்க. பொறந்ததுலேர்ந்து கெழங்குலதான் கெடக்குறேன்" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

நிலைமை என்னவென்றால், ஆறு குடும்பத்துக் கிழங்கும் பாதிதான் போயிருந்தது; மீதி மண்ணுக்குள் இருந்தது. மண்டிக்காரர் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஊர்ச் சபை கூடி, இன்னும் நாலு நாளில் எல்லாரும் அடிவாரத்துக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் சொன்ன விலைக்கே இனி எப்போதும் கொடுப்பது என்று பேசியிருந்தார்கள். முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டியவர் சடையன். அதற்கப்புறம் சபையில் அவர் பேச்சு எடுபடாது. சபையில் பேச்சு எடுபடாத மனிதர் மகளுக்கு மாப்பிள்ளை பேசக்கூட வாய் திறக்க முடியாது. அண்ணனோ மாமனோதான் பேச வேண்டும். மகளுக்குப் பதினெட்டு வயது என்று சின்னப்பொண்ணு சொன்னது.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தனகோட்டி சார் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார்.

"பாயிண்ட் மிஷினைப் பார்த்தியா, கேட்டியா?"

"கேட்டதுதான் சார்."

"அப்புறம் எதைவெச்சி மழை மேல பழி போட்டே?"

சார் சின்னப்பொண்ணுவிடம், இன்னும் ஒரு நடை கிழங்கு கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். மற்ற ஐந்து குடும்பமும் வராது என்றது அந்த அம்மா. கொஞ்ச நேரம் புருஷன் முகத்தையே பார்த்துவிட்டு, "எங்க கொல்லைய மட்டும் புடுங்கிக்கினு வர்றோம். போனா எங்களோட போவட்டும்" என்றது. அந்த வருடம் அவர்களுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

ஆத்தூர் ஆலையில் எங்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. மாவட்டமே வேறு. சார் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தார். என்னையும் எழுதச் சொன்னார். "ஆபீஸ் வேலை இல்லப்பா. தெரிஞ்சவங்க வண்டியில தொத்திக்கினு போறோம்" என்றார். மறுநாள் மலையிலிருந்து இறங்கிய லாரி கள்ளக்குறிச்சியில் நின்று எங்களை ஏற்றிக்கொண்டது. சார் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மரவள்ளிக் கிழங்கை உடைத்து ஓரத்தைக் கடித்தார். "மாவாத்தானே இருக்கு" என்றார்.

ஆலையின் பெயர் வேண்டாம். வாசலில் பத்துப் பன்னிரண்டு லாரி வரிசையாக நின்றது. பாயிண்ட் பார்க்கும் இடத்துக்கு நான் முதல் முறையாகப் போனேன். ஒரு தராசு, அதன் கீழே தொங்கும் கம்பிக்கூடை, கூடைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி. லாரியிலிருந்து கிழங்கை எடுத்து, குறிப்பிட்ட எடைக்குச் சரியாக வெட்டி நிறுத்துக்கொள்வார்கள். பிறகு கூடையில் போட்டுத் தண்ணீருக்குள் முழுதாக அமிழ்த்தி மறுபடி நிறுப்பார்கள். மாவு நிறைந்த கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனக்கும். நீர்க்கிழங்கு மேலே வரப் பார்க்கும். முள் நிற்கிற இடம்தான் பாயிண்ட். பார்க்கப் பார்க்க எனக்கே அந்த மிஷின்மேல் மரியாதை வந்தது. இதில் யார் என்ன ஏமாற்ற முடியும் என்று நினைத்தேன்.

முன்னால் நின்ற உள்ளூர் வண்டிக்கு இருபத்தேழு வந்தது. எங்கள் முறை வந்தது. தராசுக்காரர் எங்கள் லாரி வந்த ஊரைக் கேட்டார். சடையன், "கல்ராயன் மலைங்க" என்றார். உடனே அந்த ஆள், "வெளி ஜில்லா வண்டியா? அந்தப் பக்கம் வாங்க" என்று கூரையின் மறுகோடிக்குக் கூட்டிப்போனார். அங்கே இன்னொரு தராசு, இன்னொரு தொட்டி. கூடை இறங்கியது. முள் பத்தொன்பதில் நின்றது.

சின்னப்பொண்ணு என் முகத்தைப் பார்த்தது. என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

தனகோட்டி சார் அவசரப்படவில்லை. சட்டைக் கையை மடித்தார். தொட்டிக்குள் கையை விட்டு ஒரு கை தண்ணீர் மொண்டு வாயில் வைத்தார். கொஞ்சம் வாயிலேயே வைத்திருந்து, ஓரமாகத் துப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீயும் குடி" என்றார். நான் மொண்டு வாயில் ஊற்றினேன். கடல் தண்ணீர் தோற்றது.

"ஏழுமலை, நீ சொன்ன மழை உப்பு கரிக்குதே" என்றார்.

கிணற்றுத் தண்ணீரில் அமிழ்ந்து கிடக்கிற முட்டை உப்புத் தண்ணீரில் மிதக்கும். கிழங்கும் அப்படித்தான். நாலைந்து படி உப்பை அந்தத் தொட்டியில் கரைத்தால் போதும், எந்த நல்ல கிழங்கும் நீர்க்கிழங்காகிவிடும். மாவட்ட எல்லை ரோட்டுச் சோதனைச் சாவடியில் இருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சாவடியை எடுத்தாலும் எல்லை இந்தத் தொட்டிக்குள் இருந்தது. அந்த எல்லைக்கு நான் காவல் நின்று, 'மிஷின் பொய் சொல்லாது' என்று சான்றிதழும் கொடுத்திருக்கிறேன். அந்த இடத்திலேயே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

தராசுக்காரர் குரலை உயர்த்தினார். சத்தம் கேட்டு முதலாளி வந்தார். சார் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நான் அதிகாரி என்றும் சொல்லவில்லை. "தொட்டித் தண்ணி கொஞ்சம் பழசா இருக்குதுங்க. கவுத்துட்டு வேற ஊத்திப் போட்டுப் பாக்கலாமே" என்றார், எங்கள் கூடத்தில் பெட்டியைக் கவிழ்க்கச் சொல்கிற அதே குரலில். இதற்குள் வரிசையில் நின்ற லாரிக்காரர்களும் விவசாயிகளும் கூடிவிட்டார்கள். திருச்சிப் பக்கத்துக்காரர் ஒருவர் தானும் ஒரு கை மொண்டு குடித்துப் பார்த்து, ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். இன்னும் பத்துப் பேர் குடித்தார்கள். முதலாளி தராசுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தெரிந்து நடந்ததா, தெரியாமல் நடந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "கவுருடா" என்றார்.

தொட்டியைக் கவிழ்த்தார்கள். சின்னப்பொண்ணு யாரையும் நம்பாமல் தானே குடத்தை வாங்கி, ஆலைக் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றியது. கூடை மறுபடி இறங்கியது. முள் ஆடி ஆடி இருபத்தெட்டில் நின்றது. சடையன் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வியர்வை இல்லை.

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கியிருந்தது. மறுநாள் நான் மலையேறினேன். பலகையை எடுத்துப்போகவில்லை. சடையன் ஊரில் சபை கூடியிருந்தது. மண்டிக்காரரிடம் போவதா வேண்டாமா என்று பேச்சு. தப்பு செய்தவர் சபைக்கு விழுந்து கும்பிட்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். பேன்ட் போட்ட அரசாங்க ஆள் அப்படி விழுந்ததை அவர்கள் பார்த்ததில்லை. நான் விழுந்தேன். நேரில் பார்க்காமல் எழுதினேன், பார்க்காமலேயே மழைமேல் பழி போட்டேன், சடையன் சொன்னதுதான் சரி, நான் சொன்னது பொய் என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

சபைக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் வயதானவர். வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "போர்டு சாரு வுழுந்துட்டாரு. சடையன் எழுந்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

மீதிக் கிழங்கை மற்ற ஐந்து குடும்பமும் ஆத்தூருக்கே ஏற்றினார்கள். அந்த லாரி கள்ளக்குறிச்சியில் நின்றபோது நான் டீ குடிக்கப் போனவன் பார்த்தேன். கிழங்கு மூட்டைக்கு மேலே ஒரு தகர டிரம், வாயில் சாக்குக் கட்டியிருந்தது. பக்கத்தில், அவர்களுக்குத் துணையாகக் கிளம்பிய சின்னப்பொண்ணு டிரம்மைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது.

"இன்னாம்மா அது?"

"தண்ணி சாரு. எங்க ஊரு ஓடைத் தண்ணி. தராசு அவங்களுதா இருக்கட்டும், தண்ணி எங்களுது."

நான் சிரித்துவிட்டேன். ஆலையிலும் சிரித்தார்களாம். ஆனால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தத் தண்ணீரை வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? அடுத்த வருடம் மலையின் மற்ற ஊர்களும் டிரம் கட்டின. கொஞ்ச நாளில், வண்டிக்காரர் கண் முன்னால் தொட்டியைக் கழுவி நிரப்புவது அந்தப் பக்கத்து ஆலைகளில் பழக்கமாகிவிட்டது.

நான் பலகையில் கிழங்கு விலைக்குப் பக்கத்தில் பாயிண்டும் எழுத ஆரம்பித்தேன். அதற்குக் கீழே ஒரு வரி: 'தொட்டித் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கவும்'. ஆய்வுக்கு வந்த மேலதிகாரி ஒருவர் அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, "இது என்னய்யா?" என்றார். தனகோட்டி சார், "விலைக்கு உரை எழுதியிருக்கோம் சார்" என்றார். வரி அப்படியே இருந்தது.

மூன்று அறுவடை போன பிறகு அடிவாரத்து மண்டிக்காரரும் தன் கடை வாசலில் ஒரு சிலேட்டு மாட்டினார். ஆத்தூர் விலை இவ்வளவு, லாரி வாடகை இவ்வளவு, நான் கொடுப்பது இவ்வளவு என்று எழுதியிருந்தார். வேறு வழியில்லை அவருக்கு. லாரி பிடிக்க முடியாத சின்ன விவசாயிகள் அவரிடமே கொடுத்தார்கள். அவரும் நன்றாகவே இருந்தார். இரண்டு ஊர் விலைக்கு நடுவே லாரி வாடகை மட்டும் மிஞ்சினால் சந்தைகள் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். அதற்கு மேலே எது மிஞ்சினாலும் எங்கோ ஒரு தொட்டியில் உப்பு கரைந்திருக்கிறது. முப்பது வருடத்தில் நான் கற்ற பொருளாதாரம் இவ்வளவுதான். பயிற்சிக்குப் போனபோது அந்தப் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொன்னேன். சடையன் தன் மகள் கல்யாணத்துக்குப் பாக்கு வைத்து எங்கள் இருவரையும் அழைத்ததையும், மாப்பிள்ளை வீட்டாரிடம் அவரே பேசி முடித்ததையும் சொன்னேன்.

பேசி முடித்து வெளியே வந்தேன். பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில், டீக்கடை ஓரம் ஒரு கிழங்கு லாரி நின்றிருந்தது. மூட்டைக்கு மேலே ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். டிரைவர் இளவயதுக்காரர், கண்ணாடித் தம்ளரை ஊதிக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரு லோடு தம்பி?"

"வெள்ளிமலைங்க."

"அந்த டிரம்முல இருந்து ஒரு தம்ளர் தண்ணி குடேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடையில நல்ல தண்ணி கீதுங்களே. அது குடிக்கறதுக்கு இல்லீங்க, தராசுத் தண்ணி."

"தெரியும்ப்பா" என்றேன். அவர் ஏறிப்போய் மொண்டுகொண்டு வந்தார். அங்கேயே நின்று முழுவதையும் குடித்தேன்.